அத்தை ஆண்ட நாடு, தங்கை ஆண்ட நாடு: ஐந்தாம் சார்லஸ் குடும்பம் – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஐரோப்பியப் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் (1500–1558) பற்றி அரைப் பக்கக் குறிப்பு வெளியிட்டிருந்தோம். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் போரைப் பற்றிக் கேட்கவில்லை; "யார் யாருக்கு என்ன உறவு?" என்றுதான் கேட்டிருக்கின்றன. கேட்க வேண்டிய கேள்விதான். ஸ்பெயின், நெதர்லாந்து, ஆஸ்திரியா, நேப்பிள்ஸ், சிசிலி, கடல் கடந்த அமெரிக்கா என்று அவர் கையில் இருந்தவற்றில் பெரும்பகுதி சொந்தபந்தத்தால் வந்தது. அவற்றை ஆளவும் சொந்தபந்தத்தைத்தான் அனுப்பினார்.

கே: சார்லசின் வம்ச வரைபடம் போட உட்கார்ந்தேன். இசபெல்லா மட்டும் நாலு பேர் வருகிறார்கள், மேரி ஐந்து பேர். பாதியில் கிழித்துப் போட்டுவிட்டேன். சுலபமான வழி உண்டா? (வாசகி, கோயம்புத்தூர்)

ப: உண்டு. தாளைப் படுக்கவாட்டில் போடுங்கள், பென்சிலால் எழுதுங்கள். சார்லசை நடுவில் வைத்து ஆரம்பித்தால் நிச்சயம் சிக்கும். தாத்தா பாட்டிகளை மேல் வரிசையில் எழுதிக்கொண்டு கீழே இறங்குங்கள். இடது ஓரம் ஆஸ்திரிய மாக்சிமிலியனும் பர்கண்டி மேரியும். வலது ஓரம் அரகான் ஃபெர்டினாண்டும் காஸ்டீல் இசபெல்லாவும் (அரகானும் காஸ்டீலும் சேர்ந்ததுதான் ஸ்பெயின்).

இரண்டாம் வரிசையில் இடது ஜோடிக்குக் கீழே இரண்டு பேர்: பிலிப் (1478), மார்கரெட் (1480). வலது ஜோடிக்குக் கீழே ஐந்து பேர்: இசபெல்லா (1470), ஹுவான் (1478), ஹுவானா (1479), மரியா (1482), கேதரின் (1485). இங்கேதான் பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். பிலிப்புக்கு ஹுவானா (1496), மார்கரெட்டுக்கு ஹுவான் (1497). இரு பக்கமும் வரதட்சணை கிடையாது, கணக்கு நேராகிவிட்டது.

இனி ஒரு சிவப்புப் பென்சில் எடுங்கள். ஹுவான் கல்யாணமான ஆறே மாதத்தில், 1497 அக்டோபரில் இறந்தார்: அடியுங்கள். மூத்தவள் இசபெல்லா 1498-ல் பிரசவத்தில் இறந்தாள்: அடியுங்கள். அவள் பெற்ற மிகுவேல் இரண்டு வயதுகூட நிரம்பாமல் 1500 ஜூலையில் போய்விட்டான்: அவனையும் அடியுங்கள். ஸ்பெயின் முழுவதும் மூன்றாவது பிள்ளையான ஹுவானா தலையில் வந்து விழுந்த விதம் அதுதான். 1500 பிப்ரவரி 24 அன்று கென்ட் நகரில் சார்லஸ் பிறந்தபோது அவர் ஸ்பெயினுக்கு ராஜாவாவார் என்று யாரும் கணக்குப் போடவில்லை. ஐந்து மாதத்தில் கணக்கு மாறிவிட்டது.

மூன்றாம் வரிசையில் பிலிப்–ஹுவானாவின் ஆறு பிள்ளைகள்: எலியனோர் (1498), சார்லஸ் (1500), இசபெல்லா (1501), ஃபெர்டினாண்டு (1503), மேரி (1505), கேதரின் (1507). அப்பா 1506-லேயே போய்விட்டார். கேதரின் அதற்குப் பிறகு பிறந்தவள். ஆறு பேரும் பட்டம் சூடினார்கள். ஆண்கள் இருவரும் பேரரசர்கள். பெண்கள் நால்வரும் போர்ச்சுகல், பிரான்ஸ், டென்மார்க், ஹங்கேரி என்று ராணிகள்.

தவறு எங்கே வரும் என்றால், பெயரோடு பட்டத்தை எழுதும்போது. பட்டம் மாறிக்கொண்டே இருக்கும். எலியனோர் 1518-ல் போர்ச்சுகல் ராணி, 1530-ல் பிரான்ஸ் ராணி. பட்டத்தை விட்டுவிட்டுப் பிறந்த வருஷத்தை மட்டும் எழுதுங்கள். இன்னொரு பொறி, மார்கரெட் என்ற பெயர். சார்லசின் அத்தையும் மார்கரெட், மகளும் மார்கரெட். இருவருமே நெதர்லாந்தை ஆண்டவர்கள். வருஷம் போடாவிட்டால் யாராலும் பிரித்தறிய முடியாது.

கே: ஒரு புத்தகத்தில் முதலாம் கார்லோஸ், இன்னொன்றில் ஐந்தாம் கார்ல், மற்றொன்றில் ஐந்தாம் சார்லஸ். மூவரும் ஒருவரா? (போட்டித் தேர்வு மாணவர், திருநெல்வேலி)

ப: ஒருவரேதான். ஸ்பெயினில் அந்தப் பெயரில் முதல் ராஜா, அதனால் முதலாம் கார்லோஸ் (1516 முதல்). புனித ரோமப் பேரரசில் (பெரும்பாலும் ஜெர்மன் நாடுகள் சேர்ந்தது) அந்தப் பெயரில் ஐந்தாவது ஆள், அதனால் ஐந்தாம் கார்ல் (1519 முதல்). தேர்வில் "ஸ்பெயின் மன்னர்" என்று கேட்டால் முதலாம், "பேரரசர்" என்று கேட்டால் ஐந்தாம் என்று எழுதுங்கள்.

கே: சித்தி மகளையே மணந்தார் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் பக்கம் அது தங்கை முறை ஆயிற்றே! சர்ச் எப்படி ஒத்துக்கொண்டது? (வாசகர், தஞ்சாவூர்)

ப: அங்கே மாமன் மகள், சித்தி மகள் என்ற பாகுபாடே கிடையாது. இருவரும் ஒன்றுதான், இருவரும் தடைதான். பொதுவான மூதாதையிலிருந்து எத்தனை தலைமுறை தள்ளி இருக்கிறார்கள் என்று சர்ச் எண்ணும். 1215-ல் கூடிய லாட்டரன் சபை நான்கு தலைமுறை வரை தடை விதித்தது. உடன்பிறந்தவர்களின் பிள்ளைகள் இரண்டாவது தலைமுறை, ஆகவே கூடாது. ஆனால் போப்பிடமிருந்து விலக்கு வாங்கலாம். மன்னர் குடும்பங்களுக்கு அது எளிதில் கிடைத்தது.

நம்மூர்க் கணக்கில் வைத்துப் பார்த்தால்தான் வேடிக்கை தெரியும். சார்லஸ் 1526 மார்ச்சில் செவில் நகரில் மணந்த போர்ச்சுகல் இளவரசி இசபெல்லா, சித்தி மரியாவின் மகள், நமக்குத் தங்கை. ஆனால் சித்தி இறந்த பிறகு சித்தப்பா மானுவேல் மறுபடி மணந்தது யாரை என்று நினைக்கிறீர்கள்? சார்லசின் சொந்த அக்கா எலியனோரை. அந்த வழியில் பார்த்தால் இசபெல்லா அக்காவுக்கு மூத்தாள் மகள், சார்லஸ் தாய்மாமன். நம்மூர்ப் பெரியவர்கள் யாராவது அங்கே இருந்திருந்தால் இந்த வழியைப் பிடித்துக்கொண்டு முறை சரிதான் என்று சொல்லியிருப்பார்கள். (மானுவேலின் முதல் மனைவி, சார்லசின் பெரியம்மா. பெரியம்மா, சித்தி, அக்கா என்று ஒரே வீட்டில் மூன்று பெண் எடுத்த மனிதர் அவர்.)

அந்தக் கல்யாணத்துக்கு ஒரு வருஷம் முன்பு, 1525-ல், சார்லசின் கடைசித் தங்கை கேதரின், மானுவேலின் மகன் மூன்றாம் ஜானுக்கு வாழ்க்கைப்பட்டாள். மறுபடியும் பெண் கொடுத்துப் பெண் எடுத்தல். ஜானுக்கு எலியனோர் மாற்றாந்தாய் என்பதால், கேதரினுக்குச் சொந்த அக்காவே மாமியார்.

அடுத்த தலைமுறையில் சார்லசின் மகன் இரண்டாம் பிலிப் 1543-ல் மணந்த மரியா மானுவேலா, ஜான்–கேதரின் மகள். பிலிப்புக்கு அவள் மாமன் மகளும் அத்தை மகளும் ஆனவள். நம்மூரில் பந்தலே போட்டுவிடுவார்கள். சார்லசின் மகள் மரியா 1548-ல் மணந்த மாக்சிமிலியனோ சித்தப்பா மகன், நமக்கு அண்ணன். அந்த இருவருக்கும் பிறந்த ஆனாவை 1570-ல் பிலிப்பே நான்காம் தாரமாக மணந்தார், தங்கை மகள். போப் ஐந்தாம் பயஸ் கூட இதற்கு முதலில் தயங்கினார்.

இதன் விலை என்ன என்று பார்க்க, பிலிப்–மரியா மானுவேலா மகன் டான் கார்லோசை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி சேர்த்து எட்டுப் பேர் இருப்பார்கள். இவனுக்கு நாலே பேர். அதற்கு மேல் தலைமுறையில் பதினாறு பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஆறு பேர். பிரசவமான நான்காம் நாள் தாய் இறந்தாள். பையன் வளர்ந்து கட்டுக்கடங்காமல் போக, தகப்பனே 1568 ஜனவரியில் அறையில் அடைத்தார். ஜூலையில் காவலிலேயே இறந்தான்.

ஒரு திருமணத்தால் மட்டும் வருவதல்ல இது. மாமன் மகளோ சித்தி மகளோ, முதல் நிலை உறவில் பிறக்கும் குழந்தைக்கு நெருங்கிய உறவுக் கலப்பு எண் (ஒரே மூதாதையின் மரபணு தாய், தகப்பன் இருவர் வழியாகவும் வந்து சேரும் வாய்ப்பு) 0.0625; மாமனும் மருமகளும் மணந்தால் 0.125. அதே குடும்பத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகத் திரும்பத் திரும்பக் கட்டும்போது எண் குட்டி போடும். ஸ்பெயின் கிளையைத் தொடங்கிய சார்லசின் அப்பாவுக்கு 0.025 என்றும், அந்தக் கிளையின் கடைசி மன்னர் இரண்டாம் சார்லசுக்கு (1661–1700) 0.254 என்றும் மரபியலாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். கூடப்பிறந்த அண்ணனும் தங்கையும் பெற்றாலும் வருவது 0.25-தான். கடைசி ஆளுக்குப் பிள்ளை இல்லை, வம்சம் அங்கே நின்றது.

கே: மனைவி மேல் உயிராக இருந்தார் என்பது உண்மையா? இல்லை, வரதட்சணைக் கல்யாணம்தானா? (வாசகி, ஈரோடு)

ப: இரண்டும். இசபெல்லா கொண்டுவந்தது 9 லட்சம் தோப்லா பொன் நாணயம். போர்ச் செலவில் மூச்சு முட்டிக்கொண்டிருந்த சார்லசுக்கு அது அவசியம் தேவைப்பட்டது. கல்யாண நாள் வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. பார்த்த பிறகு கிரனாடாவின் அல்ஹம்ப்ரா அரண்மனைக்குப் போய் மாதக்கணக்கில் தங்கிவிட்டார்கள்.

ஆனால் பதின்மூன்று வருஷ மணவாழ்வில் பல ஆண்டுகள் அவர் வெளியூரில்தான் இருந்தார். அப்போதெல்லாம் ஸ்பெயினை நடத்தியவள் இசபெல்லா. பிரசவ நேரத்தில், 1539 மே 1 அன்று டொலேடோவில் இறந்தாள். சார்லசுக்கு அப்போது 39 வயது. மறுமணம் செய்யவில்லை, அதற்குப் பிறகு பெரும்பாலும் கறுப்பு உடைதான்.

ஓவியர் டிஷியன் அவள் படத்தை வரைந்தது அவள் இறந்த பிறகு, வேறொரு படத்தைப் பார்த்து. வந்து சேர்ந்ததும் சார்லஸ் சொன்ன திருத்தம் ஒன்றே: மூக்கு சரியில்லை. டிஷியன் திருத்திக் கொடுத்தார். பின்னாளில் முடி துறந்து ஸ்பெயினின் யூஸ்டே மடத்துக்குப் போய்த் தங்கியபோதும் அவள் படம் கூடவே போயிற்று.

கே: பெற்ற தாயைப் பைத்தியம் என்று சொல்லிச் சிறை வைத்தவர்தானே இவர்? (வாசகர், மதுரை)

ப: அடைத்தவர் அவர் அல்ல, அவருடைய தாத்தா ஃபெர்டினாண்டு; 1509-ல் டோர்டெசியாஸ் அரண்மனையில். பிடியைத் தளர்த்தாமல் இறுதிவரை வைத்திருந்தவர் சார்லஸ். ஹுவானா 1555 ஏப்ரலில் இறக்கும்வரை 46 ஆண்டுகள்.

விஷயம் என்னவென்றால், காஸ்டீலின் சட்டப்படி ராணி அவள்தான். அரசு ஆவணங்கள் "ஹுவானாவும் கார்லோசும்" என்று இருவர் பெயரிலும்தான் போயின. தாய் இறந்தது 1555 ஏப்ரல், மகன் ஸ்பெயின் முடியைத் துறந்தது 1556 ஜனவரி. ஆக அவர் அங்கே தனியாக ராஜாவாக இருந்தது ஒன்பதே மாதம்! 1520-ல் கிளர்ச்சி செய்த நகரத்தார் நேரே டோர்டெசியாசுக்குத்தான் போனார்கள். ஹுவானா ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் சார்லசின் ஆட்சி அங்கேயே முடிந்திருக்கும். அவள் போடவில்லை. மகன் அதற்காகக் காவலைத் தளர்த்தவும் இல்லை.

அவளுக்கு மனநோய் இருந்ததா, துக்கமா, நடத்தப்பட்ட விதத்தால் வந்ததா என்று வரலாற்றாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். நடத்தப்பட்ட விதத்துக்கு ஓர் உதாரணம்: தந்தை 1516-ல் இறந்ததையே அவளிடம் மறைத்து, உயிரோடு இருப்பதாக வருஷக்கணக்கில் சொல்லி வந்தார்கள்.

இன்னொன்று. கடைக்குட்டி கேதரின் தாயோடுதான் வளர்ந்தாள். அவள் அறைக்குப் போகத் தாயின் அறை வழியாகத்தான் வழி. குழந்தையை வெளியே கொண்டுவர 1518-ல் சார்லஸ் ஏற்பாடு செய்தார்: தொங்கும் திரைச்சீலைக்குப் பின்னால் சுவரைக் குடைந்து ஓட்டை போட்டு, இரவோடு இரவாகப் பதினொரு வயதுப் பெண்ணைக் கூட்டிப் போய்விட்டார்கள். விடிந்து பார்த்த தாய் அன்ன ஆகாரத்தைத் தொட மறுத்தாள். சில நாளில் பெண்ணைத் திருப்பிக் கொண்டுவந்து விடவேண்டியதாயிற்று. 1525-ல் கேதரின் கல்யாணமாகிப் போகும்வரை தாயோடு இருந்தாள்.

கே: பேரரசர் பதவிக்குத் தேர்தல் என்கிறார்களே. ஓட்டுக்குப் பணம் அப்போதே உண்டா? (வாசகர், சேலம்)

ப: தாராளமாக. தாத்தா மாக்சிமிலியன் 1519 ஜனவரி 12 அன்று இறந்தார். பதவி பரம்பரையாக வராது. ஏழு பேர் ஓட்டுப் போட வேண்டும். மைன்ஸ், ட்ரியர், கொலோன் ஆகிய மூன்று பேராயர்கள். பொஹீமியா ராஜா, பலட்டினேட், சாக்சனி, பிராண்டன்பர்க் ஆகிய நான்கு பிரபுக்கள். எதிரில் நின்றவர் பிரான்சின் முதலாம் பிரான்சிஸ். அவரிடமும் பணம் இருந்தது.

சார்லஸ் தரப்புச் செலவு சுமார் 8,52,000 கில்டர். அதில் 5,43,000-க்கு மேல் ஆக்ஸ்பர்க் வட்டிக்கடைக்காரர் யாக்கோப் ஃபுகர் கொடுத்த கடன். மீதியை வெல்சர் குடும்பமும் இத்தாலிய வங்கிக்காரர்களும் கொடுத்தார்கள். ஒரு ரைன் கில்டரில் சுமார் இரண்டரை கிராம் பொன் என்று வைத்தால், மொத்தம் நம் கணக்கில் இரண்டரை லட்சம் பவுனுக்கு மேல்.

தொகையைவிட, கொடுத்த விதத்தில்தான் சாமர்த்தியம். ரொக்கமாகக் கொடுத்தால் இரண்டு பக்கமும் வாங்கிக்கொள்வார்கள். அதனால் ஓட்டு விழுந்த பிறகுதான் மாற்றலாம் என்ற சீட்டாகக் கொடுத்தார்கள். அதற்கு ஜாமீன் ஃபுகர். பிரெஞ்சுக்காரரின் சீட்டுக்கு ஜெர்மனியில் அப்படி நம்பகமான கை கிடைக்கவில்லை. பொஹீமியா ஓட்டு வேறு, சார்லசின் தங்கை மேரிக்கு நிச்சயமாகியிருந்த மாப்பிள்ளை லூயியின் ஓட்டு. 1519 ஜூன் 28 அன்று பிராங்க்ஃபர்ட்டில் ஏழும் சார்லசுக்கே விழுந்தன.

கடன் அப்படியே நின்றது. 1523-ல் ஃபுகர் எழுதிய கடிதத்தில், என் உதவி இல்லாமல் மாட்சிமை தங்கியவருக்கு ரோம முடி கிடைத்திருக்காது என்று ஒளிவுமறைவில்லாமல் நினைவூட்டினார். வேறொருவர் எழுதியிருந்தால் தலை போயிருக்கும். இவருக்கு ஸ்பெயினின் மதவீரர் அமைப்புகளின் வருமானமும், அல்மதேன் பாதரசச் சுரங்கமும் குத்தகைக்குக் கிடைத்தன.

கே: "கடவுளோடு ஸ்பானிஷ், பெண்களோடு இத்தாலியன், குதிரையோடு ஜெர்மன் பேசுவேன்" என்று சொன்னவர் இவர்தானே? (வாசகி, புதுச்சேரி)

ப: அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு அவர் பெயரில் ஒட்டப்பட்டது. தாய்மொழி பிரெஞ்சு. 1517-ல் முதன்முறை ஸ்பெயினில் இறங்கியபோது அந்த ஊர் மொழி அவருக்குத் தெரியாது. கூட வந்த பிளெமிஷ் (நெதர்லாந்துப் பகுதி) அதிகாரிகள் பதவிகளை அள்ளிக்கொண்டதும் மொழி தெரியாத ராஜா என்ற கோபமும் சேர்ந்துதான் மேலே சொன்ன கிளர்ச்சி. பிறகு நன்றாகக் கற்றுக்கொண்டார். ஜெர்மன் கடைசிவரை சுமார்தான்.

கே: ஓவியங்களில் தாடை ஏன் அப்படி நீட்டிக்கொண்டிருக்கிறது? கவுட் நோய் என்றும் படித்தேன். (சித்த மருத்துவ மாணவி, பாளையங்கோட்டை)

ப: கீழ்த்தாடை மேல்தாடையைத் தாண்டி வளர்ந்த அமைப்பு, குடும்பச் சொத்து. பல்வரிசை பொருந்தாது, வாய் முழுவதும் மூடாது. தாடி வைத்தது அதை ஓரளவு மறைத்தது. மெல்ல முடியாததால் உணவைத் துண்டு துண்டாக விழுங்கினார். அஜீரணம் நிரந்தரத் துணை.

கவுட் என்ற மூட்டு வீக்க நோய் 1528-ல், 28 வயதில் தொடங்கியது. தீனியைப் பார்த்தால் ஆச்சரியமில்லை: மாட்டிறைச்சி, நெத்திலி, சிப்பி, விலாங்கு மீன் வைத்த பணியாரம், குளிர்ந்த பீர். ஆங்கிலேய அறிஞர் ரோஜர் ஆஸ்கம் ஒரு விருந்தில் அவரைப் பார்த்துவிட்டு, ஒரு தடவைக்கு ஒரு லிட்டர் அளவு ரைன் ஒயினுக்குக் குறையாமல் குடித்தார் என்று எழுதியிருக்கிறார். மருத்துவர்கள் சொன்னதைக் கேட்கவில்லை. மடத்துக்குப் போனபோதும் பீர் காய்ச்சும் ஆளைக் கூட்டிக்கொண்டே போனார்.

எஸ்கோரியல் மாளிகையில் அவருடைய ஒரு விரல் நுனி தனியே ஒரு பெட்டியில் பாதுகாக்கப்பட்டு வந்தது. அதை ஸ்பெயின் மருத்துவர்கள் ஆராய்ந்து 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். எலும்பு அரிக்கப்பட்டிருந்தது, நுண்ணோக்கியில் ஊசி ஊசியாக யூரேட் படிகங்கள் குவிந்திருந்தன. ஐயமற்ற கவுட். அதே விரலின் திசுவில் மலேரியா கிருமியும் காணப்பட்டது. கொன்றது அதுதான்: 1558 ஆகஸ்ட் கடைசியில் காய்ச்சல், செப்டம்பர் 21 விடியுமுன் மரணம். யூஸ்டே மடத்தில் அவர் வீட்டை ஒட்டியே குளங்கள் இருந்தன.

கே: மணவாழ்வுக்கு வெளியே பிள்ளைகள் உண்டா? அவர்களை ஏற்றுக்கொண்டாரா? (வாசகர், நாகர்கோவில்)

ப: இருவர் முக்கியம். கல்யாணத்துக்கு முன்பு, 1522-ல் பிறந்த மார்கரெட்டை வெளிப்படையாகவே ஏற்றார். இரண்டு முறை இத்தாலியப் பிரபுக்களுக்குக் கட்டிக்கொடுத்து அரசியலுக்கும் பயன்படுத்திக்கொண்டார். முதல் கணவன் அலெஸ்ஸாண்ட்ரோ தெ மெடிச்சி கல்யாணமான மறுவருஷமே கொலையுண்டான். அவள்தான் 1559 முதல் 1567 வரை நெதர்லாந்தை ஆண்டவள்.

இன்னொருவர், மனைவி இறந்து சில ஆண்டுகள் கழித்து ரேகன்ஸ்பர்க் ஊர்ப் பெண் பார்பரா பிளோம்பர்குக்குப் பிறந்த பையன். இவனை ஒளித்து வைத்தார். ஹெரோனிமோ என்ற பெயரில், சார்லசின் மாளிகைத் தலைவர் லூயிஸ் கிஹாதாவின் மனைவி வளர்த்தாள். யார் பிள்ளை என்று அவளுக்கே சொல்லவில்லை. உயிலோடு சேர்த்த குறிப்பில்தான் சார்லஸ் ஒப்புக்கொண்டார். 1559-ல் அண்ணன் பிலிப் அவனைத் தம்பி என்று அறிவித்து டான் ஹுவான் என்று பெயர் மாற்றினார். 1571-ல் லெபாந்தோ கடற்போரில் துருக்கியரை வென்ற தளபதி அவர்தான்.

கே: முத்துக்குளித்துறை இவர் ஆட்சியில் இருந்ததாக ஒருவர் பேசக் கேட்டேன். சரியா? (வாசகர், தூத்துக்குடி)

ப: சரியல்ல, ஆனால் உறவு இருக்கிறது. பரதவர் 1530-களில் ஞானஸ்நானம் பெற்றதும், 1542-ல் சவேரியார் இந்தக் கரைக்கு வந்ததும் போர்ச்சுகல் மன்னர் மூன்றாம் ஜான் காலத்தில். அவர் சார்லசுக்கு இரு வழியிலும் மச்சான். மனைவியின் அண்ணன், தங்கையின் கணவன். ஆனால் கீழைக் கடல் ஜானுடையது. 1529-ல் மொலுக்கஸ் தீவுகள் (இன்றைய இந்தோனேசியாவின் நறுமணத் தீவுகள்) யாருக்கு என்ற தகராறில், சார்லஸ் தன் உரிமையை 3,50,000 டுகாட்டுக்கு மச்சானிடமே விற்றுவிட்டார். ஸ்பெயினும் போர்ச்சுகலும் உலகைப் பங்கிட்டுக்கொண்ட கோட்டின்படி தீவு யார் பக்கம் என்று அப்போது அளக்கவே வழியில்லை. பின்னால் அளந்தபோது போர்ச்சுகல் பக்கம்தான் விழுந்தது. இல்லாததை விற்றிருக்கிறார்!

கேதரினுக்கு இலங்கை தந்தச் சாமான்கள் மீது பெரிய ஆசை. கோட்டே மன்னர் புவனேகபாகு தன் பேரன் தர்மபாலனுக்கு வாரிசுரிமை கேட்டு 1540-களின் தொடக்கத்தில் லிஸ்பனுக்குத் தூது அனுப்பினார். பையன் போகவில்லை, அவன் உருவத்தைப் பொன்னில் செய்து அனுப்பி, ஜான் கையால் அதற்கு முடி சூட்டவைத்தார்கள். அந்தக் காட்சியைச் செதுக்கிய தந்தப் பேழை இன்று மியூனிக்கில் இருக்கிறது.

சார்லஸ் மகன் பிலிப் காலத்தில்தான் இந்தக் கரை அவர்கள் குடும்பத்துக்கு வந்தது. ஜான்–கேதரின் பெற்ற ஒன்பது பிள்ளைகளும் அவர்களுக்கு முன்பே இறந்தார்கள்; பேரன் செபஸ்டியன் 1578-ல் மொராக்கோ போரில் மாண்டான். தாய்வழி உரிமையைச் சொல்லி 1580-ல் பிலிப் போர்ச்சுகலை எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து 1640 வரை தூத்துக்குடி, நாகப்பட்டினம், சாந்தோம், மன்னார், கொழும்பு போர்ச்சுகீசியருக்கு மாட்ரிட்தான் மேலிடம்.

கே: உயிரோடு இருக்கும்போதே முடியைத் துறந்தது எப்படி? ஒரே நாளில் முடிந்த காரியமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், விழுப்புரம்)

ப: நாலு வருஷம் பிடித்தது. ஒவ்வொரு நாடும் தனித்தனிச் சொத்து என்பதால் தனித்தனியாகத்தான் எழுதிக்கொடுக்க வேண்டும். 1554-ல் நேப்பிள்ஸ்: பிலிப் இங்கிலாந்து ராணி மேரியை மணக்கப் போகும்போது வெறும் இளவரசனாகப் போகக்கூடாது என்று. 1555 அக்டோபர் 25 நெதர்லாந்து. 1556 ஜனவரி 16 ஸ்பெயின், சிசிலி, அமெரிக்கா. கடைசியாகப் பேரரசு: 1556-ல் தம்பி ஃபெர்டினாண்டுக்கு விட்டுக்கொடுத்துக் கடிதம் எழுதினார், தேர்வாளர்கள் ஏற்று முடிக்க 1558 ஆயிற்று.

தம்பிக்கும் மகனுக்கும் பிரிக்க வேண்டும் என்பது முதலில் அவர் எண்ணமே அல்ல. தம்பிக்குப் பின் பிலிப், பிலிப்புக்குப் பின் தம்பி மகன் மாக்சிமிலியன் என்று 1551-ல் ஆக்ஸ்பர்கில் ஒப்பந்தம் போட்டார்கள். தங்கை மேரி நடுவில் உட்கார்ந்து பஞ்சாயத்துப் பேசினாள். மாக்சிமிலியனுக்கு அது கசந்தது, ஜெர்மன் பிரபுக்கள் ஸ்பானியரான பிலிப்பை விரும்பவில்லை. ஒப்பந்தம் காகிதத்திலேயே கிடந்தது.

நெதர்லாந்தைத் துறந்த அன்று பிரசல்ஸ் மண்டபத்தில் அவர் நடந்து வந்தது 22 வயது இளைஞர் ஒருவரின் தோளைப் பிடித்துக்கொண்டு. கண்ணாடி போட்டு, கையிலிருந்த குறிப்பைப் பார்த்துப் பேசினார். ஜெர்மனிக்கு 9 முறை, ஸ்பெயினுக்கு 6, இத்தாலிக்கு 7, நெதர்லாந்துக்கு 10, பிரான்சுக்கு 4, இங்கிலாந்துக்கு 2, ஆப்பிரிக்காவுக்கு 2 என்று பயணக் கணக்கு ஒப்பித்தார், கூட்டினால் 40. தலைநகரம் என்று ஒன்று இல்லாத அரசரின் கணக்கு வழக்கு அது. அந்த இளைஞர் ஆரஞ்சு வில்லியம். பிலிப்புக்கு எதிராக நெதர்லாந்தைத் திரட்டியவரும் பின்னாளில் அவரே.

கே: அவர் போகாத இடத்தையெல்லாம் யார் பார்த்துக்கொண்டார்கள்? (வாசகி, யாழ்ப்பாணம்)

ப: பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். தாய் ஸ்பெயினில் அடைபட்டிருக்க, மெகலென் நகரில் அவரை வளர்த்த அத்தை மார்கரெட் 1530-ல் இறக்கும்வரை நெதர்லாந்தை ஆண்டார். அவருக்குப் பின் தங்கை மேரி, 1531 முதல் 1555 வரை. மேரியின் கணவன் லூயி 1526-ல் மொஹாச் போரில் துருக்கியரிடம் தோற்று இறந்தபோது அவளுக்கு 20 வயது. மறுமணம் வேண்டாம் என்று நின்றாள். அண்ணன் நாட்டைக் கொடுத்தார். ஸ்பெயினில் மனைவி, பிறகு மகள் மரியா, அவளுக்குப் பின் இளைய மகள் ஹுவானா. சம்பளக்காரரை நம்புவதைவிட ரத்த உறவை நம்பினார். நம்பிக்கை வீண் போகவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். மேரியைப் போல நிர்வாகம் தெரிந்தவர் அந்தத் தலைமுறையில் குறைவு.

ஆனால் அந்தப் பெண்களிடம் யாரும் விருப்பம் கேட்டதில்லை. எலியனோர் மானுவேலை மணந்து 1521-ல் ஒரு பெண் குழந்தை பெற்றாள், மரியா என்று. அந்த வருஷமே கணவன் இறந்தார். 1523-ல் தம்பியின் அரசியலுக்காக அவள் ஊர் திரும்பியபோது, போர்ச்சுகல் இளவரசி என்று குழந்தையை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். தம்பியோடு மறுபடி மறுபடி போரிட்டு, ஒருமுறை அவரிடமே சிறைப்பட்ட பிரான்சிசுக்கு, சமாதானத்தின் அடையாளமாக, அவள் மனைவியானாள். அவரும் போனார். 1556-ல் முடி துறந்த தம்பியோடும் தங்கை மேரியோடும் ஒரே கப்பற்படையில் ஸ்பெயின் வந்து சேர்ந்தாள்.

வந்த பிறகு அவள் கேட்டது மகளைப் பார்க்க வேண்டும் என்பது ஒன்றுதான். பல மாதப் பேச்சுக்குப் பின், 1558 தொடக்கத்தில் எல்லை ஊரான பதஹோசில் சந்திப்பு நடந்தது. தாயும் மகளும் பார்த்து 35 வருஷம் ஆகியிருந்தது. கூட வந்துவிடு என்று தாய் கேட்டாள். மகள் மறுத்துவிட்டு லிஸ்பனுக்குத் திரும்பினாள். எலியனோர் திரும்பும் வழியிலேயே, தலவேரா என்ற சிற்றூரில், பிப்ரவரியில் இறந்தாள். செப்டம்பரில் சார்லஸ். அக்டோபரில் மேரி. நெதர்லாந்துக்கு மறுபடி வந்து ஆளச் சொல்லிப் பிலிப் அவளைக் கேட்டிருந்தார், அவளும் சரி என்று சொல்லிப் புறப்படத் தயாராகிக்கொண்டிருந்தாள்.